ஷார்தானைப் பார்த்து வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ்டலில், அதாவது நிறப்பொடியைக் குச்சியாக்கிய வண்ணத்தில், முகம் வரையப் பழகுபவர்களுக்கு நான் சொல்வது பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் 1771-இல் வரைந்த தன்னுருவ ஓவியத்தைத்தான். மூக்குக்கண்ணாடி, தலையில் சுற்றிய துணி, எழுபது தாண்டிய முகம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலமெல்லாம் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர், கண் கெட்ட பிறகே பேஸ்டலைக் கையில் எடுத்தார்.

இதைப் பார்த்து வரைபவர்கள் செய்கிற பெரிய தவறு, எல்லாவற்றையும் விரலால் தேய்ப்பது. ஷார்தானின் கன்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு கோடாகத் தெரியும். வெவ்வேறு நிறங்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. தள்ளி நின்றால் நம் கண்ணே அவற்றைத் தோலாகச் சேர்த்துக்கொள்கிறது. தேய்த்தால் தாளின் சொரசொரப்பு அடைபட்டு, அடுத்த நிறம் ஒட்டாது. முகம் பவுடர் அப்பினது போல் ஆகிவிடும். தேய்க்கவே கூடாதா என்றால், பின்னணியிலும் முதல் அடுக்கிலும் தேய்க்கலாம். மேல் அடுக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். கோடும் கன்னம் வளைகிற திசையிலேயே போக வேண்டும்.

வழவழப்புதான் பிடிக்கும் என்பவர்கள் அதே நூற்றாண்டு ஓவியர் லியோதாரின் ‘சாக்லேட் பெண்’ என்ற பேஸ்டல் ஓவியத்துக்குப் போவார்கள். அது பதப்படுத்திய தோலில் வரைந்தது. நம் தாளில் அந்த வழவழப்பு லேசில் வராது.

அடுத்த தவறு, மூக்குக்கண்ணாடியில் ஆரம்பிப்பது. அந்த வட்டங்கள் கண்ணை இழுக்கும், சரிதான். ஆனால் கண்குழியின் நிழலும் மூக்கின் சாய்வும் அமையாமல் கண்ணாடியின் சட்டத்தை வரைந்தால் அது முகத்தில் உட்காராது, மிதக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பெரிய நிழல்களை முதலில் போடுங்கள்.

அப்புறம் அளவு. மூலம் ஏறத்தாழ 46 × 38 செ.மீ. அதை ஏ4 தாளில் அடக்கினால் தடித்த குச்சியால் இமையைக்கூட வரைய முடியாது. வெள்ளைத் தாளும் வேண்டாம்; சாம்பல் அல்லது நீலச் சாயல் தாள் இருந்தால் ஒளியையும் நிழலையும் அளக்க எளிது. ஸ்கெட்ச் போடப் பென்சில் எடுக்காதீர்கள், அதன் வழுவழுப்பில் பேஸ்டல் பிடிக்காது. கரி போதும். எண்ணெய்ப் பசை உள்ள பள்ளிக்கூட ஆயில் பேஸ்டல் இதற்கு உதவாது, பொடியாக உதிரும் சாஃப்ட் பேஸ்டல்தான் வேண்டும்.

நிழலுக்குக் கறுப்பைத் தொட்டால் தோல் செத்துவிடும். ஆழ்ந்த பழுப்பு, நீலம், பச்சை என்று தேடுங்கள். தூளை வாயால் ஊதாதீர்கள், சில நிறமிகள் நுரையீரலுக்கு ஆகாது. பலகையைச் சாய்த்துத் தட்டினாலே விழுந்துவிடும். முடித்ததும், தூள் உதிராமல் ஒட்டவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரேயை அள்ளி அடிப்பவர்களும் உண்டு. வெளிர் நிறங்கள் மங்கிப்போகும். ஓவியத்தில் படாமல் சிறு இடைவெளி விட்டுக் கண்ணாடி போட்டு மாட்டுங்கள்.