ஹாஃப் டோம் ஏறப் போகிறீர்களா? பெர்மிட்டிலிருந்து கம்பி வரை

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஹாஃப் டோம் என்ற பாறைமலை ஏறிவிட்டு வந்ததிலிருந்து நண்பர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "அந்தக் கம்பி ரொம்ப பயமா இருக்குமா?" இருக்கும். ஆனால் உச்சிக்குப் போகும் கடைசிச் செங்குத்துப் பாறையில் பிடித்து ஏறப் போட்டிருக்கும் அந்தக் கம்பி மொத்தமே 400 அடி. அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து 14 முதல் 16 மைல் நடை, கிட்டத்தட்ட 4,800 அடி ஏற்றம், 10 முதல் 12 மணி நேரம் என்று ஒரு முழு நாள் கிடக்கிறது. கம்பிக்கு மனதைத் தயார் செய்பவர்கள் பலர் இந்த நாளைத் தயார் செய்வதில்லை. நண்பகலுக்கு முன்பே உச்சியில் இருக்கிற மாதிரி கிளம்பினால் வெயில், இடி, கூட்டம், இருட்டு என்று நான்கு தொல்லைகளும் பெரும்பாலும் குறைந்துவிடும். நான் சொல்லப்போகிற எல்லாமே அந்த ஒரு கணக்கை ஒட்டியதுதான்.

சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் வார இறுதிகளில் ஐந்தாறு மைல் நடந்து பழகியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. பெர்மிட்

கம்பிகள் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும் காலம் மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. அந்தக் காலத்தில் வாரத்தின் எல்லா நாளும் பெர்மிட் வேண்டும். ஒரு நாளைக்கு 300 பேர்தான். அதில் 225 இடம் ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு, மிச்சம் மலையில் இரவு தங்குகிறவர்களுக்கு.

முதல் குலுக்கல் மார்ச் 1 முதல் 31 வரை, ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில். ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை சேர்க்கலாம், ஏழு தேதிகள் வரை கொடுக்கலாம். விண்ணப்பத்துக்கு 10 டாலர், கிடைத்தால் தலைக்கு 10 டாலர். ஏப்ரல் நடுவில் முடிவு வரும். சனி, ஞாயிறு கேட்காதீர்கள். செவ்வாய், புதன், வியாழன் கேளுங்கள். ஒரு நாள் லீவு போடுவதால் வாய்ப்பும் கூடும், கம்பியில் கூட்டமும் குறையும். ஆறு பேர் சேர்ந்து போகிறீர்கள் என்றால் ஒவ்வொருவரும் தலைவராகத் தனித்தனியே ஒரு விண்ணப்பம் போடலாம். ஆனால் ஒரே ஆள் இரண்டு முறை போட்டால் இரண்டுமே ரத்தாகிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். பெர்மிட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. குழுத் தலைவரோ, விண்ணப்பத்தில் குறித்த மாற்றுத் தலைவரோ உங்களோடு மலையில் இருந்தே ஆக வேண்டும். அடையாள அட்டையும் வேண்டும். மாற்றுத் தலைவர் என்ற அந்தக் கட்டத்தை விண்ணப்பிக்கும்போதே நிரப்ப வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. தெரிந்த குழு ஒன்றில் தலைவருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் காய்ச்சல். மாற்றுத் தலைவர் பெயர் கொடுக்கவில்லை. விடுதி, லீவு எல்லாம் போட்டும் மீதிப் பேர் ஏற முடியவில்லை. அதனால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடவே விடாதீர்கள்.

மார்ச்சில் கிடைக்கவில்லை என்றால் தினசரிக் குலுக்கல் இருக்கிறது. ஏற நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு விண்ணப்பித்தால் அன்று இரவே முடிவு தெரியும். வெள்ளிக்கிழமை ஏற வேண்டுமானால் புதன்கிழமை போட வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்பது.

பெர்மிட்டை போனில் தரவிறக்கி வைத்துக்கொண்டு, ஒரு தாளிலும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னலை நம்ப முடியாது.

2. உடம்பு

ஃப்ரீமான்ட் ஊரின் மிஷன் பீக் மலைதான் நம் ஊர்க்காரர்களின் அளவுகோல். ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ பக்கத்திலிருந்து போய்வர சுமார் ஆறு மைல், ஏற்றம் இரண்டாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேல். ஹாஃப் டோம் ஏற்றம் அதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அதனால் என் யோசனை: மூன்று மாதம் முன்பே தொடங்கி, கடைசி மாதத்தில் ஒரு நாளாவது மிஷன் பீக்கை அடுத்தடுத்து இரண்டு முறை ஏறி இறங்குங்கள். இரண்டாவது முறை இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். மூச்சு வாங்குவது சில வாரங்களில் சரியாகிவிடும். இறக்கத்தைத் தாங்கும் தொடைத் தசைக்குத்தான் நாள் பிடிக்கும். ஜிம்மில் ட்ரெட்மில்லைச் சாய்த்து வைத்து ஏறுவது இறக்கத்துக்கு உதவாது. அபார்ட்மென்ட் படிக்கட்டில் பையோடு இறங்குவது உதவும்.

3. சாமான்

கையுறை: கம்பிக்குக் கட்டாயம் வேண்டும். விலை உயர்ந்த தோல் கையுறை தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் தோட்ட வேலைக்கு விற்கும், உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறைதான் என் தேர்வு. எஃகுக் கம்பியை அது நன்றாகப் பிடிக்கிறது. முடிந்ததும் அடுத்தவருக்கு ஆகட்டும் என்று கம்பியடியில் விட்டுவிட்டு வராதீர்கள். அது குப்பையாகத்தான் சேரும்.

ஷூ: அடிப்பகுதி தேயாத, ஒட்டுகிற ரப்பர் உள்ளது. நூறாண்டு காலமாக மனிதர்கள் நடந்து நடந்து, இரண்டு கம்பிக்கும் நடுவே உள்ள கருங்கல் வழவழவென்று ஆகியிருக்கிறது. ஜாகிங் போய்த் தேய்ந்த ஷூ வேண்டாம். புது ஷூவை அன்றுதான் முதலில் போடுவதும் வேண்டாம்.

ஹெட்லேம்ப் ஆளுக்கு ஒன்று. போன் வெளிச்சம் போதாது, கையும் காலியாக இருக்க வேண்டும்.

தண்ணீர்: ஆளுக்கு நான்கு லிட்டர் கணக்கு வையுங்கள். அவ்வளவையும் கீழிருந்தே சுமக்க வேண்டாம். வெர்னல் அருவிப் பாலத்தருகே குடிநீர்க் குழாய் இருக்கிறது. சுத்திகரித்த தண்ணீர் வழியில் கிடைப்பது அங்கே மட்டும்தான். அதற்குமேல் மெர்செட் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டித்தான் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜியார்டியா என்ற குடல் தொற்று வரலாம். நான் சாயர் ஸ்க்வீஸ் ஃபில்டர் வைத்திருக்கிறேன்: கையடக்கம், மாத்திரை போட்டு அரை மணி காத்திருக்கும் வேலை இல்லை. லிட்டில் யோசெமிட்டி பள்ளத்தாக்கைத் தாண்டியதும் பாதை ஆற்றை விட்டு விலகிவிடும். அங்கேயே எல்லா பாட்டிலையும் நிரப்பிவிடுங்கள். கழிப்பறைக்கும் அதுதான் கடைசி இடம்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றும். ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு வையுங்கள். சாப்பாட்டுக்கு எனர்ஜி பாரை விட எனக்குப் புளியோதரைதான் சரிப்பட்டது. உப்பு, புளிப்பு, எண்ணெய் எல்லாம் இருக்கிறது, வெயிலிலும் சீக்கிரம் கெடாது. கூடவே கடலை மிட்டாய், பேரீச்சை.

4. அந்த நாள்

பே ஏரியாவிலிருந்து நான்கு மணி நேரம் ராத்திரியில் கார் ஓட்டி வந்து, தூங்காமல் அப்படியே ஏறி, அன்றே திரும்பி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 16 மைல் நடந்தவர் இருட்டில் மலைப்பாதையில் கார் ஓட்டுவது எனக்குக் கம்பியை விடப் பயமாக இருக்கிறது. முந்தைய இரவும் அன்று இரவும் கரி வில்லேஜ், எல் போர்ட்டல், மாரிபோசா என்று எங்காவது தங்குங்கள்.

காலை நான்கு, நான்கரைக்கு நடையைத் தொடங்குங்கள். அந்த நேரத்தில் பூங்காவின் ஷட்டில் பஸ் ஓடாது. நடைப்பயணிகளின் கார் நிறுத்துமிடத்திலிருந்து, பாதை தொடங்கும் ஹாப்பி ஐல்ஸ் வரை அரை மைல் நடக்க வேண்டும். அப்புறம் அருவிகளை ஒட்டி ஏறும் மிஸ்ட் ட்ரெயில் பாதை. வெர்னல் அருவி 317 அடி; அதன் ஓரமாக அறுநூறுக்கும் மேல் கல்படிகள். மே, ஜூனில் சாரல் நனைத்துவிடும், மெல்லிய மழைக்கோட்டு வையுங்கள். அடுத்து 594 அடி நெவாடா அருவி. அதன் தலைப்பகுதியில் பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். எவ்வளவு வெயிலானாலும் ஆற்றில் இறங்க வேண்டாம். அருவிக்கு மேலே நீர் அமைதியாகத் தெரிந்தாலும் இழுப்பு பலமானது.

பிறகு ஒரு மைல் சமதளம், அதற்கப்புறம் காட்டுக்குள் விடாத ஏற்றம். ஹாஃப் டோமுக்குச் சற்று முன்னால் இருக்கும் சிறிய பாறைமேடுதான் சப் டோம்; அதன் அடிவாரத்தில் பூங்கா ரேஞ்சர் பெர்மிட் பார்ப்பார். சப் டோம் படிகளில் பலருக்கும் கால் துவண்டுவிடும், ஏனென்றால் நிழலும் இல்லை, கைப்பிடியும் இல்லை. பையை அங்கே வைத்துவிட்டுப் போனால் அணில்கள் ஜிப்பைக் கடித்துச் சாப்பாட்டை எடுத்துவிடும்.

5. கம்பி

1875இல் ஜார்ஜ் ஆண்டர்சன் பாறையில் துளையிட்டு இரும்பு வளையங்களை அடித்து முதன்முதலில் ஏறினார். இன்றைய கம்பிப் பாதையின் முதல் வடிவத்தை 1919இல் சியரா கிளப் அமைத்தது. இருபுறமும் எஃகுக் கம்பி, அதைத் தாங்கும் தூண்கள், தூணுக்குத் தூண் குறுக்கே ஒரு மரக்கட்டை. சாய்வு சுமார் 45 டிகிரி.

கையால் இழுத்து ஏறாதீர்கள். புதியவர்கள் பாதி வழியில் தோள் செத்து நிற்பது இதனால்தான். பாதம் முழுவதும் பாறையில் பதியட்டும், உடம்பு பாறையை விட்டுக் கொஞ்சம் வெளியே சாயட்டும். பயத்தில் பாறையோடு ஒட்டிப் படுக்கத் தோன்றும். அப்படிப் படுத்தால்தான் ஷூ வழுக்கும். ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு ஒரே மூச்சில் போங்கள், அங்கே நின்று மூச்சு வாங்குங்கள். நடுவில் நிற்கவே வேண்டாம். போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே பாதைதான். எதிரே ஆள் வந்தால் கட்டையில் ஒதுங்கி, எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முன்னால் இருப்பவர் நின்றுவிட்டால் அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். கம்பிக்கு வெளியே போய் முந்துகிறவர்களைப் பின்பற்றாதீர்கள்.

இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை, அதாவது ஹார்னஸ் வேண்டுமா? கட்டாயமில்லை, பெரும்பாலோர் போடுவதில்லை. முதல்முறை போகிறவர்கள் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஹார்னஸைக் கம்பியோடு இணைக்க, விழும் அதிர்ச்சியைத் தாங்கும் இரண்டு கொக்கி உள்ள வயா ஃபெராட்டா லேன்யார்டு வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். தூணைக் கடக்கும்போது ஒன்றைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டிய பிறகே இன்னொன்றைக் கழற்ற வேண்டும். சாதாரண நாடாவில் ஒரு கொக்கியை மாட்டிக்கொண்டு போவது பாதுகாப்பு மாதிரி தெரியும், விழும் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்ளாது. இரண்டு கொக்கியையும் கையுறையோடு மாற்ற வீட்டிலேயே பழகுங்கள்.

பாறை ஈரமாக இருந்தால் ஏறாதீர்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை. 2024 ஜூலையில் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் இறங்கிய இருபது வயதுப் பெண் வழுக்கி விழுந்து இறந்தார். கோடையில் இந்த சியரா மலைத்தொடரில் மேகம் திரள்வது பெரும்பாலும் பிற்பகலில்தான், நண்பகலுக்கு முன் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். தூரத்தில் இடி கேட்டாலும், எத்தனை பேர் மேலே போய்க்கொண்டிருந்தாலும், சப் டோமிலிருந்தே திரும்பிவிடுங்கள். குழுவில் ஒருவர் வேண்டாம் என்றால் அவரை வற்புறுத்தாதீர்கள். யாராவது ஒருவர் அவரோடு இருங்கள்.

இறங்கும்போது பாறையைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குவது எனக்கு எளிதாக இருந்தது. கம்பியைக் கையில் மெல்ல நழுவவிட்டு, காலால் அடுத்த கட்டையைத் தேடுங்கள். நெவாடா அருவிக்கு வந்ததும் மிஸ்ட் ட்ரெயிலை விட்டுவிட்டு ஜான் மியூர் ட்ரெயிலில் திரும்புங்கள். தூரம் கூடுதல்தான், ஆனால் ஈரப்படிகள் இல்லை, களைத்த முழங்கால் தாங்கும்.

பின்சேர்க்கை, பின்னூட்டங்களைப் பார்த்த பிறகு

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப்போகலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வெர்னல் பாலம் வரை தாராளமாக. ஒரு மைலுக்குள்தான், ஆனால் செங்குத்து. நிறுத்தி நிறுத்திப் போங்கள். பாலத்திலிருந்தே அருவி தெரியும்.

பெர்மிட் கிடைக்காதவர்களுக்கு: பக்கத்திலுள்ள க்ளவுட்ஸ் ரெஸ்ட் சிகரத்துக்குப் போங்கள். 9,926 அடி, ஹாஃப் டோமை விட உயரம், ஒரே நாளில் போய்வர அதற்குத் தனிப் பெர்மிட் கிடையாது. அங்கிருந்து ஹாஃப் டோமையே குனிந்து பார்க்கலாம். கடைசிப் பகுதியில் பாறைமுகடு குறுகலாக இருக்கும், அவ்வளவுதான்.

காரில் மிச்சச் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். கரடி கதவைப் பிய்த்துவிடும். சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சன்ஸ்க்ரீன், குழந்தை சீட்டில் சிந்திய பிஸ்கட் தூள் வரை அதற்கு மணக்கும். நிறுத்துமிடத்திலேயே இரும்பு லாக்கர்கள் இருக்கின்றன. காலை நான்கு மணி இருட்டில் அதைச் செய்ய சோம்பலாக இருக்கும், அதனால் முந்தைய இரவே மணமுள்ளதை எல்லாம் ஒரே பையில் கட்டி வைத்துவிடுங்கள்.