மூட்டுவாத மறுவாழ்வை மதிப்பிடுகையில் சறுக்கும் இடங்கள்

வாதநோய் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்), செவிலியர், சமூகப் பணியாளர் எல்லோரும் சேர்ந்து முடக்குவாதக்காரர்களைக் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டுவாதம் உள்ளவர்களை) கவனிக்கும் திட்டம் பலன் தருகிறதா என்று கணக்கெடுக்கப் புதுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பழைய தவறுகளும் கூடவே வருகின்றன. படிவத்தில் வயதை விட்டுவிடுவது போன்றவற்றைப் பேச வேண்டாம், அதெல்லாம் பழகப் பழகச் சரியாகும்.

காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண், முதல் பஸ்ஸைப் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வருகிறார் என்று வையுங்கள். 8 மணிக்கு அளவெடுக்கிறீர்கள். முடக்குவாதத்தில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே நிற்கும். பிபி கருவியின் பையைச் சுருட்டி, 20 மி.மீ. வரை காற்றேற்றிக் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னால் முள் 60-ஐத் தாண்டவில்லை. 12 வாரம் கழித்து மறு அளவு. அன்று கூட்டம், அவர் முறை வர 3 மணி ஆகிவிட்டது. முள் 100-ஐத் தொடுகிறது. ‘பிடி வலிமை 40 மி.மீ. கூடியது’ என்று அறிக்கையில் ஏறிவிடும். அவரிடமே கேட்டிருந்தால் போதும்: “காலையில விரலு மடங்காது சார், மத்தியானம்னா பரவால்ல பாத்துக்கிடுங்க.”

அதோடு நிற்பதில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள். உச்சத்துக்குப் போனது யார் தொடாவிட்டாலும் கொஞ்சம் இறங்கும். அதே வாரம் மெதோட்ரெக்சேட் என்ற முடக்குவாத மருந்தைத் தொடங்கியிருந்தால் அது பிடிக்க 6 முதல் 12 வாரம். உங்கள் மறு அளவும் அப்போதுதான் விழுகிறது. இடையில் முழங்காலில் ஸ்டீராய்டு ஊசியும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இத்தனையையும் சேர்த்து ‘பயிற்சியின் பலன்’ என்று எழுதிவிட்டு, அடுத்த ஊரில் அந்தப் பலன் வராதபோது பிசியோதெரபிஸ்ட் தலையில் பழியைப் போடுகிறார்கள்.

பயிற்சி தொடங்குமுன் இரண்டு வார இடைவெளியில் இரண்டு அளவு எடுங்கள் (இதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது). மறு அளவு அதே நேரத்தில், முன்னே பின்னே ஒரு மணிக்குள். எழுந்த நேரம், கடைசி வலி மாத்திரை போட்ட நேரம், மருந்து மாறிய தேதி, ஊசித் தேதி நான்குக்கும் படிவத்தில் தனித்தனிக் கட்டம் வேண்டும். பிடி வலிமைக்கு முழங்கை 90 பாகை மடங்கியிருக்க, மூன்று முறை அமுக்கச் சொல்லிச் சராசரி. அதே மருந்தில், குழுவின் கவனிப்பு இல்லாமல் இருப்பவர்களையும் கூடவே அளந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

28 மூட்டில் பாதம் இல்லை

28 மூட்டைப் பார்த்து நோயின் தீவிரத்தை மதிப்பெண்ணாகச் சொல்லும் டாஸ்-28 கணக்கில் கணுக்காலும் கால் விரலும் சேராது. கால் விரல் மூட்டு வீங்கி வயலில் நடவுக்கு நிற்க முடியாதவருக்கும் 2.6-க்குக் கீழே வந்து ‘நோய் அடங்கியது’ என்று விழலாம். பாதத்தைத் தனியாக எழுதுங்கள்.

கனத்த பிடிக் கரண்டி

ஹெச்.ஏ.க்யூ. என்பது அன்றாட வேலைகள் எவ்வளவு முடிகிறது என்று பிரிவு பிரிவாகக் கேட்கும் கேள்வித்தாள். மதிப்பெண் 0 முதல் 3 வரை. கூடினால் முடக்கம் கூடுகிறது என்று பொருள். துணைக்கருவி பயன்படுத்தினால் அந்தப் பிரிவு குறைந்தது 2 ஆகிவிடும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கனத்த பிடி போட்ட கரண்டி கொடுக்க, அவர் நிம்மதியாகக் குழம்பு கிண்டுகிறார். தாளிலோ நோயாளி மோசமாகிவிட்டார்! கருவியைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று முதல் நாளே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். அமெரிக்க மூலத்தில் தொட்டிக் குளியலைப் பற்றியெல்லாம் கேள்வி உண்டு. பத்தமடையில் பாய் நெய்பவரிடம் சம்மணம் போட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கேட்க வேண்டும். குந்தி உட்காருவதையும் சம்மணத்தையும் கேட்கும் இந்திய வடிவம் இருக்கிறது.

வராமல் போனவர்கள்

மறு அளவுக்கு வராதவர்களைக் கணக்கிலிருந்து கழிக்காதீர்கள். போன் போடுங்கள்.

பெயருக்குக் குழு

ஐந்து பேர் ஐந்து நாளில் ஐந்து சீட்டில் எழுதினால் அது குழு இல்லை. யார் எத்தனை முறை பார்த்தார்கள், ஒரே நோயாளியைப் பற்றி எத்தனை முறை உட்கார்ந்து பேசினார்கள் என்று தேதியோடு குறியுங்கள். அந்தப் பக்கம் காலியாக இருந்தால், நீங்கள் அளந்தது வேறு எதையோ.