பள்ளியில் மட்டும் பேசாத மகள்: எங்களுக்கு உதவிய வழி

வீட்டில் ஓயாமல் பேசுபவள், பள்ளிக்குள் நுழைந்தால் வாயே திறக்கமாட்டாள். காது பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. பேசினால் பரிசு என்றோம், இன்னும் இறுகிப்போனாள். இது செலக்டிவ் மியூட்டிசம், அதாவது சில இடங்களில் மட்டும் பேச முடியாமல் போவது, பிடிவாதமல்ல, 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கோளாறுகளின் வகைப்பாட்டுக் கையேடு இதைப் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்திருக்கிறது என்று உளவியலாளர் விளக்கிய பிறகே வழி தெரிந்தது.

பள்ளி விட்டதும் காலி வகுப்பறையில் நானும் அவளும் மட்டும் விளையாடினோம். தாராளமாகப் பேசினாள். ஆசிரியை முதலில் கதவுக்கு வெளியே நின்றார், அப்புறம் உள்ளே வந்து தன் வேலையைப் பார்த்தார், பிறகு எங்களோடு உட்கார்ந்தார். சட்டென்று கண்ணில் படாத விஷயம் இதுதான்: அவர் நேராக முகம் பார்த்தால் குரல் நின்றுவிடும். பக்கவாட்டில் அமர்ந்து படத்தையே பார்த்தால் நிற்காது. “வேண்டுமா?” என்றால் தலையாட்டித் தப்பித்துவிடுவாள், “சிவப்பா, நீலமா?” என்று கேட்டுவிட்டுச் சில விநாடிகள் காத்திருக்க வேண்டும்.

“நீலம்.”

ஆசிரியை கைதட்டவில்லை, பென்சிலை நீட்டினார், அவ்வளவுதான். அப்பாடா! அடுத்து ஒரு தோழியையும் அதேபோல் சேர்த்துக்கொண்டு, நான் மெல்ல விலகினேன்.