வடசென்னை மொட்டை மாடியில் சப்பாத்திக்கள்ளி வளர்க்கும் முறை

இராயபுரம், காசிமேடு போன்ற கடலோரப் பகுதிகளில் மாடித் தொட்டியில் வைத்த கள்ளி பட்டுப்போனால், அதற்குக் காரணம் பெரும்பாலும் சித்திரை வெயில் அல்ல; ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிக்குள் தேங்கும் நீர்தான்.

முதலில் சரியான செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை; அவற்றின் பால் கண்ணில் பட்டால் கடும் புண்ணாகும். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளியிலோ, மெத்தை போன்ற சிறு புள்ளிகளிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பும். நாம் இலை என்று நினைக்கும் மட்டை உண்மையில் தண்டு. முட்களே உருமாறிய இலைகள்.

முற்றிய மட்டை ஒன்றைக் கணுவில் வெட்டி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை ஒரு வாரம் நிழலில் வையுங்கள். ஆற்றுமணல், செம்மண், உடைத்த செங்கல் ஜல்லி ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள மண்தொட்டியில் நடுங்கள். அருகில் கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை எடுக்காதீர்கள். அதில் உப்பு இருக்கும்.

இச்செடி பகலில் தன் நுண்துளைகளை மூடி நீர் ஆவியாகாமல் காத்துக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி, அதை மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேர்த்துவைத்து மறுநாள் வெளிச்சத்தில் சர்க்கரையாக்குகிறது. விடியற்காலையில் வெட்டிய மட்டை புளிப்பதும், மாலையில் வெட்டியது அவ்வளவு புளிக்காததும் இதனால்தான். இந்த நீர்ச் சிக்கனத்தை நான் எப்போதும் வியக்கிறேன். ஆகவே, மண் முழுதும் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் தொட்டியைக் கூரையடிக்கு நகர்த்திவிடுங்கள்.

மட்டையில் வெண்பஞ்சு போல ஏதேனும் படிந்திருந்தால் நசுக்கிப் பாருங்கள். சிவப்புச் சாறு வந்தால் அது சாயப்பூச்சி. அச்சாயத்துக்காகவே சைதாப்பேட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித்தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியா வந்த பூச்சி, உயர்ந்த சாயம் தரும் இனமாக இல்லாமல் வேறோர் இனமாக இருந்ததால் நல்ல சாயம் கிடைக்கவில்லை. மாறாக, அது ஒரு வகைக் கள்ளியின் புதர்களையே அழித்தது. உங்கள் செடியில் இப்பூச்சி இருந்தால், சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள்.

பழத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத சுணைமுட்கள் தோலில் தைத்தால் எடுப்பது கடினம். இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் சுற்றிலும் வாட்டி, கழுவித் தோலுரித்து, நடுவிலுள்ள முள்ளையும் நீக்குங்கள். விதைகள் கடினமானவை, ஆதலால் சதையைப் பிசைந்து மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்துப் பருகுங்கள்.