ஏலத்தில் தோட்டா வாங்கும்முன் விவரத்தைப் படியுங்கள்

அமெரிக்காவில் இணைய ஏலத்தில் தோட்டா எடுப்பவர்கள் படத்தைப் பார்த்து விலை கேட்க வேண்டாம். படத்தில் 50 தோட்டா பெட்டி இருக்கும். விவரத்தில் 20 என்றிருக்கும். சில நேரம் மருந்தும் குண்டும் இல்லாத வெறும் பித்தளைக் கூடு மட்டும்தான்! அனுப்பும் செலவையும் சேர்த்து ஒரு தோட்டாவுக்கு என்ன விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள்.

அப்புறம், அது தொழிற்சாலைச் சரக்கா, யாரோ வீட்டில் சுட்ட கூட்டை மறுபடி நிரப்பியதா? அசல் பெட்டி சான்றாகாது, காலிப் பெட்டியில் எதையும் போடலாம். கூட்டின் அடியில் உள்ள முத்திரையும் கூட்டைச் செய்தவரைத்தான் காட்டும், நிரப்பியவரை அல்ல. ஏலம் முடியும்முன் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

.223, 5.56 என்பவை பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரு வேறு தோட்டா வகைகள். '.223/5.56' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தால் எது என்று உறுதி செய்யுங்கள். .223-க்கு மட்டுமான துப்பாக்கியில் 5.56 நேட்டோ தோட்டாவைப் போடக் கூடாது.