கர்ப்பப்பை இறக்கம்: இடுப்புத்தளப் பயிற்சியைச் சரியாகச் செய்வது எப்படி?

காலையில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் அடிவயிறு கனக்கும், கழுவும்போது கீழே உருண்டையாக ஏதோ கையில் தட்டுப்படும், படுத்தால் உள்ளே போய்விடும். பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. இறங்குவது எப்போதும் கர்ப்பப்பைதான் என்றில்லை. யோனியின் முன்சுவர் தளர்ந்தால் சிறுநீர்ப்பை இறங்கும், பின்சுவர் தளர்ந்தால் மலக்குடல் பிதுங்கும். அதனால் முதலில் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, எது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேசான இறக்கமான 1, 2ஆம் நிலை என்றால், இந்த உறுப்புகளைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கிப் பழகும் இந்தப் பயிற்சி கைகொடுக்கும். முழுதாக வெளியே வந்ததை இது மட்டும் ஏற்றிவிடாது.

படி 1: முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். காற்று பிரியாமல் அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, அந்த இறுக்கத்தைச் சிறுநீர்த் துளை வரை முன்னே கொண்டுவந்து மேல்நோக்கி இழுங்கள். சந்தேகமா? கழுவிய விரலை யோனிக்குள் வைத்துப் பாருங்கள். விரலைக் கவ்வி உள்ளே இழுத்தால் சரி. வெளியே தள்ளினால் நீங்கள் முக்குகிறீர்கள். அப்படியே தொடர்ந்தால் இறக்கம்தான் கூடும். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

படி 2: 3 விநாடி பிடித்து, அதே அளவு தளர விடுங்கள். 8 தடவை. பிறகு சட்சட்டென்று 8 தடவை. இது ஒரு சுற்று, ஒரு நாளைக்கு 3 சுற்று. போகப்போக 10 விநாடி வரை கூட்டலாம். புட்டமும் தொடையும் இறுகக் கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்க மாட்டீர்கள். சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது.

படி 3: இருமல், தும்மல், குடம் தூக்குவது எதுவானாலும் அதற்கு ஒரு நொடி முன்பே தசையை இறுக்குங்கள்.

குறைந்தது 16 வாரம் விடாமல் செய்யவேண்டும். கூடவே மலச்சிக்கலைக் கவனியுங்கள். தினமும் முக்கிக்கொண்டிருந்தால் செய்த பயிற்சியெல்லாம் வீண். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் சின்ன ஸ்டூல் போட்டு, முன்னால் சாய்ந்து உட்காருங்கள்.

அப்படியும் கனம் குறையவில்லையா? உள்ளே பொருத்தும் பெசரி என்ற சிலிக்கான் வளையம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, வெளியே வந்தது உள்ளே போகாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். புண்ணோ, மாதவிடாய் நின்றபின் இரத்தக்கசிவோ இருந்தாலும் நாள் கடத்தாமல் காட்டுங்கள்.