கைப்பேசி இல்லாமல் வழி பழகுவது எப்படி

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் சாலை வழியே பெருமாள் கோயில் வரை நடந்து பழகுங்கள். சுமார் ஒரு கிலோமீட்டர்தான்.

முதலில் திசை. எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும் உடனே நடக்காதீர்கள். தலை நோக்கும் திசையைக் குறிக்கும் நரம்பணுக்கள் மூளையில் உண்டு. வெளி அடையாளம் இல்லாத இடத்தில் அவற்றின் கணக்கு மெல்ல விலகும். தூரத்தில் தெரியும் ஒன்றைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து அடையாளங்கள்: வீரமாகாளியம்மன் கோயில் போல, இடம் மாறாத நான்கைந்து போதும். பூக்கடை வாசனை கூடுதல் துணை, ஆனால் கடை மூடினால் போச்சு! மூளையில் நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் உள்ள 'இட அணுக்கள்' ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிக் கூட்டாகத் துடிக்கின்றன. 1971இல் நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஓ'கீஃப் எலிகளில் கண்டது இது. பக்கத்திலுள்ள என்டோரைனல் புறணியின் 'கட்ட அணுக்கள்' தூரத்தை அளக்க உதவுகின்றன. அவை 2005இல் தெரியவந்தன.

ஒரே அச்சாக நிற்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் வழி குழம்புவது இதனால்தான்: பிரித்தறிய அடையாளம் குறைவு. புளோக் எண்ணைப் பாருங்கள்.

திரும்பும்போது வேறு சந்து வழியாக வாருங்கள். அன்றிரவு நன்றாகத் தூங்குங்கள். எலிகளின் மூளை நடந்த பாதையைத் தூக்கத்தில் மீண்டும் ஓட்டிப் பார்க்கிறது.